வராதவருக்கும் ஒரு பங்கு

கேள்வி இதுதான்: "பன்னிரண்டு ஆண்டுகளாக இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கிறேன். தினமும் வேதம் வாசித்து ஜெபிக்கிறேன். முன்பு போய்க்கொண்டிருந்த சபையில் மனம் புண்பட்டு விலகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வீட்டிலிருந்தபடியே பிரசங்கங்களைக் கேட்கிறேன். கிறிஸ்தவர் ஒருவர் கட்டாயம் ஒரு சபையைச் சேர்ந்திருக்க வேண்டுமா? சேர்ந்திருப்பது என்றால்தான் என்ன? பதிவேட்டில் பெயர் இருப்பதா?"

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக யாரும் கிறிஸ்துவின் கையிலிருந்து நழுவிப்போவதில்லை. சிலுவையில் அவர் அருகே தொங்கிய கள்வன் ஞானஸ்நானம் பெறவில்லை. ஓர் ஆராதனைக்கும் வரவில்லை, ஒரு காசு காணிக்கை போடவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குத்தான் கிடைத்தது. அதில் எனக்கும் பெரிய ஆறுதல் உண்டு.

ஆனால் அவனை முன்மாதிரியாகக் காட்டி, சபையே வேண்டியதில்லை என்று சிலர் சொல்லும்போது என் மனம் ஒப்புவதில்லை. அவனுக்கு மீதியிருந்தவை சில மணி நேரங்கள்தான். உடல் சிலுவையில் தொங்கியது. அந்த நிலையிலும் மறுபக்கம் தொங்கியவனைக் கடிந்துகொண்டான். இயேசு குற்றமற்றவர் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். தன் குரலுக்கு எட்டிய மனிதர்களிடம் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டுத்தான் போனான். நமக்கு நடக்கக் கால் இருக்கிறது, இன்னும் நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களை யாரோடு வாழ்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளிருக்கும் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் அதை வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கிறேன். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வராமல் போனால், அது யாருக்குத் தெரியும்?

155ஆம் ஆண்டு வாக்கில், பின்னாளில் இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின் என்னும் ஆசிரியர், கிறிஸ்தவர்கள்மீது சுமத்தப்பட்ட பழிகளுக்கு விடையாக ரோமப் பேரரசர் அந்தோனினுஸ் பியூசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ஞாயிறு ஆராதனை எப்படி நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குபவர் புத்தி சொல்கிறார். எல்லாரும் எழுந்து ஜெபிக்கிறார்கள். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவரப்பட்டு, ஸ்தோத்திரம் சொல்லப்பட்டு, பகிரப்படுகின்றன. இதுவரை உள்ளதை எந்தச் சபையிலும் ஏறக்குறைய இப்படியே காணலாம். அதற்கடுத்து ஜஸ்டின் சொல்கிற செய்தியிடம்தான் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். வராதவர்களுக்கு அவர்களுடைய பங்கை உதவிக்காரர்கள் எடுத்துச் செல்கிறார்கள் என்கிறார் அவர்.

எடுத்துச் செல்ல வேண்டுமானால் யார் வரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். வீடு தெரிந்திருக்க வேண்டும். நோயா, சிறையா, மனவருத்தமா என்று ஒருவராவது விசாரித்திருக்க வேண்டும். அந்த அப்பத்துண்டு கதவைத் தட்டும்போது, "நீ இல்லாமல் நாங்கள் முடித்துவிடவில்லை" என்று உள்ளே இருப்பவருக்கு அது சொல்கிறது. சபையைச் சேர்ந்திருப்பது என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் தரும் விடை இதிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் இன்மை ஓரிடத்தில் குறையாகத் தெரிகிறது என்றால், நீங்கள் அந்த இடத்தைச் சேர்ந்தவர்.

பிரசங்கப் பதிவுகளுக்கு இது தெரியாது. அவற்றைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; நானும் கேட்கிறேன், பயன் பெற்றிருக்கிறேன். ஆனால் அந்தப் பிரசங்கியார் உங்களைத் தேடி வரமாட்டார். நீங்கள் பாதியில் நிறுத்தினாலும், ஒரு மாதம் கேட்காமலே இருந்தாலும், அவருக்கு ஒன்றும் குறையவில்லை.

'ஐக்கியம்' என்ற சொல்லை நாம் அதிகம் புழங்கிப் புழங்கி மழுங்கச் செய்துவிட்டோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அதற்குரிய சொல் கொய்னோனியா. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை அப்போஸ்தலர் 2:42இல் 'அந்நியோந்நியம்' என்கிறது, 1 யோவான் 1:3இல் 'ஐக்கியம்' என்கிறது. இரண்டும் அழகான சொற்களே. ஆனால் மனநெருக்கம் என்ற ஒரு பொருள்தான் நம் காதில் விழுகிறது. மூலச்சொல் அதைவிடக் கெட்டியானது. லூக்கா 5:10இல் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் கூட்டாளிகள் என்று வருகிறதே, அங்கே இருப்பது இதே வேரில் பிறந்த சொல். மீன்பிடித் தொழிலின் கூட்டாளிகள்: உழைப்பிலும் வரவிலும் நட்டத்திலும் பங்காளிகள். மக்கெதோனியா, அகாயா சபைகள் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தையும் பவுல் ரோமர் 15:26இல் கொய்னோனியா என்றே அழைக்கிறார். ஆராதனை முடிந்து தேநீர் அருந்திக்கொண்டு நலம் விசாரிப்பது நல்ல பழக்கம்தான். அதற்கு மட்டும் ஐக்கியம் என்று பெயர் வைத்து நிறுத்திக்கொண்டால், பங்காளியை வெறும் பழக்கக்காரராக ஆக்கிவிடுகிறோம்.

வராதவரைப் பற்றி யோவான் 20ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் இயேசு சீஷர்கள் நடுவே வந்து நின்றபோது தோமா அங்கே இல்லை. ஏன் இல்லை என்று வேதம் சொல்லவில்லை. மற்றவர்கள் போய் அவரிடம் சொன்னார்கள். "நான் பார்க்காமல் நம்பமாட்டேன்" என்றார். எட்டு நாள் கழித்து அவர்கள் மறுபடியும் வீட்டுக்குள்ளே இருந்தபோது, "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்" என்கிறது வசனம். இந்த வரியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்ட ஒருவரை அந்தப் பத்துப் பேரும் ஒரு வாரம் முழுவதும் தங்கள் நடுவிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். அவரும், நம்ப முடியாத ஒன்றை நம்பிக் களித்திருந்தவர்கள் நடுவே பொறுத்து இருந்திருக்கிறார். இயேசு தோமாவைத் தனியே தெருவில் சந்தித்திருக்கலாம். யாக்கோபுக்கும் பேதுருவுக்கும் தனித்தனியே தரிசனமானார் என்று பவுல் எழுதுகிறாரே. தோமாவுக்கு மட்டும் அவர் அந்தக் கூட்டத்தின் நடுவில் வந்தார். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை அங்கே பிறந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி திடீரென்று இறந்த ஆண்டில், ஏறத்தாழ ஐந்து மாதங்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வேதத்தைத் திறப்பேன், எழுத்துகள் எழுத்துகளாகவே நிற்கும். வழக்கத்தின் வலிமையால் மட்டும் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழும்போது எழுவேன், வாய் திறக்காது. "மரித்தோர் உயிர்த்தெழுதலையும்" என்ற இடம் வரும்போது பற்களைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு பக்கமும் குரல்கள் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாள், எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் வயது முதிர்ந்த அம்மா ஒருவர், ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, உங்கள் பங்கையும் சேர்த்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நின்றால் மட்டும் போதும்."

அன்றுதான் மாற்கு 2ஆம் அதிகாரம் எனக்குப் புரிந்தது. நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனிடம் பேசினார் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் விசுவாசம். படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே இல்லை. விசுவாசம் ஒவ்வொருவருடையதும்தான், எனக்குப் பதிலாக வேறொருவர் மனந்திரும்ப முடியாது. ஆனால் நடக்க முடியாத நாட்களில் படுக்கையோடு தூக்கிச் செல்ல நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரை விழுந்த பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது. நாம் விழாத நாட்களில் வேறு யாருடைய படுக்கையையோ தூக்கிய கைகளோடு நம் கைகளும் சேர்ந்திருந்தால்தான் அவர்கள் கிடைக்கிறார்கள்.

ஜப்பானில் நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருமார் நாடு கடத்தப்பட்டார்கள், மறைந்து தங்கியவர்கள் பிடிபட்டு மடிந்தார்கள். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் குரு இல்லை, ஆலயம் இல்லை. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் அயல்நாட்டவருக்காகப் புதிதாகக் கட்டப்பட்ட ஓரா ஆலயத்துக்கு உரகாமியைச் சேர்ந்த எளிய மக்கள் சிலர் வந்தார்கள். பெத்திழான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் ஒரு பெண் தாழ்ந்த குரலில், எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றே என்று சொன்னார். ஏழு தலைமுறை எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? மறைவாகவே ஒரு சபையாக இருந்தார்கள். திருநாட்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஒருவர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், வீடுவீடாகச் செய்தி சொல்ல ஒருவர் என்று பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் மனதுக்குள் மட்டும் விசுவாசத்தைப் பூட்டி வைத்திருந்தால் அது மூன்றாம் தலைமுறையைத் தாண்டியிருக்காது என்றே நான் எண்ணுகிறேன்.

"தனியாக இருந்தால்தான் தேவனோடு நெருங்க முடிகிறது, கூட்டத்தில் மனம் சிதறுகிறது" என்று நீங்கள் சொல்லக்கூடும். தனிமைக்கு இடம் உண்டு. இயேசுவே விடியுமுன் எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். ஆனால் தனிமையையே வாழ்க்கையாக்கலாமா என்ற கேள்வி நான்காம் நூற்றாண்டிலேயே கூர்மையாக எழுந்தது. எகிப்திலும் சிரியாவிலும் இருந்த துறவிகளைப் போய்ப் பார்த்து வந்தவர் பசிலியார். பின்னர் கப்பதோக்கியாவின் செசரியாவில் ஆயரானவர். அவர் துறவை மதித்தார். தாமும் துறவியாக வாழ்ந்தார். ஆனாலும் தனித்து வாழ்பவரைப் பார்த்து அவர் கேட்டது இது: அப்படியானால் நீ யாருடைய பாதங்களைக் கழுவுவாய்?

இதற்கு என்னிடம் பதில் இல்லை. புதிய ஏற்பாட்டில் 'ஒருவரையொருவர்' என்று வரும் கட்டளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்துகொள்ளுங்கள், ஒருவருக்கொருவர் மன்னியுங்கள், உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்றைக்கூட அறைக்குள் தனியே இருந்து செய்ய முடியாது. நீடிய பொறுமை என்பது ஆவியின் கனிகளில் ஒன்று. நம்மை எரிச்சலூட்டுகிறவர் ஒருவரும் பக்கத்தில் இல்லாவிட்டால், நமக்குப் பொறுமை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

உடலின் உவமையும் இங்கேதான் வருகிறது. பவுலுக்கு முன்பே அது ரோமர்களுக்குத் தெரிந்த உவமை. கி.மு. 494இல் ரோமின் எளிய மக்கள் நகரத்தைவிட்டு வெளியேறியபோது, மெனேனியுஸ் அக்ரிப்பா என்பவர் அவர்களிடம் போய், கையும் வாயும் பல்லும் வயிற்றோடு சண்டையிட்டு வேலையை நிறுத்திய கதையைச் சொன்னதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். வயிறு என்பது ஆளும் வகுப்பு. அதற்கு உணவு கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் உங்களுக்கும் பிழைப்பு என்பது கதையின் பொருள். 1 கொரிந்தியர் 12இல் பவுல் அதே உவமையை எடுத்து நேர் எதிராகத் திருப்புகிறார். பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் வேண்டியவை என்கிறார். கனத்தில் குறைந்ததற்குத்தான் தேவன் அதிகக் கனம் கொடுத்தார் என்கிறார். கொரிந்துவில் பந்திக்கு முந்தி வந்த வசதியுள்ளவர்கள் வயிறார உண்டுவிட, பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். முந்தின அதிகாரத்தில் அதைக் கண்டித்த சூட்டோடுதான் இதை எழுதுகிறார்.

அந்த அதிகாரத்தில் கால் ஒரு வார்த்தை பேசுகிறது. "நான் கையல்ல, ஆகையால் நான் உடலைச் சேர்ந்தவன் அல்ல." கண் கையைப் பார்த்து "நீ வேண்டாம்" என்று சொல்லுவது அதற்குப் பிறகுதான். அகந்தையுள்ளவர்கள் பிறரைத் தள்ளுவதற்கு முன்னதாக, மனம் நொந்தவர் தம்மைத் தாமே தள்ளிக்கொள்வதைப் பவுல் கவனித்திருக்கிறார். கால் அப்படிச் சொல்வதால் உடலைச் சேராமல் போய்விடுமா என்று கேட்கிறார். உங்களுக்கும் அதையே நான் கேட்க விரும்புகிறேன்.

இனி உங்கள் காயத்துக்கு வருகிறேன். என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. ஆனால் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அறிவுரை சொல்பவர்கள் தீங்கு செய்கிறார்கள்.

ஒரு வகை, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. பணம் கையாடப்படுவது, கேள்வி கேட்டவரைச் சபிப்பது, உடலுக்கோ மானத்துக்கோ கேடு செய்வது. இதில் பொறுத்துப் போங்கள் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். 3 யோவான் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான். முதன்மையாயிருக்க விரும்புகிறவன், சகோதரரை ஏற்றுக்கொள்ளாமல், ஏற்றுக்கொள்ள மனமுள்ளவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளியவன். அப்போஸ்தலர் காலத்திலேயே இப்படி ஒருவன் இருந்தான். நிருபத்தை எழுதிய மூப்பர் அதை மூடி மறைக்கவில்லை; பெயரைச் சொல்லிக் கடிதத்தில் எழுதினார். குற்றம் நடந்திருந்தால் சட்டத்தின் முன் சொல்லுங்கள். மன்னிப்பது வேறு, மறைப்பது வேறு. யோவான் 9இல், பார்வை பெற்ற மனிதனை மதத் தலைவர்கள் புறம்பே தள்ளினார்கள். அதைக் கேள்விப்பட்டு இயேசு அவனைக் கண்டுபிடித்தார் என்று வாசிக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு சபையை விட்டு வந்ததனால் நீங்கள் திருச்சபையை விட்டு வந்துவிட்டதாக எண்ணவே எண்ணாதீர்கள்.

இன்னொரு வகை, நாம் எல்லாரும் செய்வது. கடுஞ்சொல், கோள், பாரபட்சம், கவனியாமை. இதற்காக ஒவ்வொரு முறையும் விலகினால் நாம் போய்ச் சேர இடமே இருக்காது. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதிகள் என்ற பிரிவினர், உபத்திரவ காலத்தில் தளர்ந்த ஆயர்கள் கொடுத்த சடங்குகள் செல்லாது என்று சொல்லி, தூய்மையானவர்களின் சபையாகத் தங்களைப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பகுதியின் ஆயரான அகஸ்தீன் அவர்களுக்கு எதிராக வாதாடியபோது கோதுமையும் களையும் அறுப்புவரை ஒன்றாய் வளரும் உவமையை எடுத்துக் காட்டினார். மத்தேயு 13இல் வரும் உவமை அது. களையைப் பிடுங்கப் போய் கோதுமையையும் வேரோடு பிடுங்கிவிடுவீர்கள் என்று எஜமான் தடுக்கிறார். இந்த வகை மனத்தாங்கலுக்கு மத்தேயு 18இல் வழி இருக்கிறது: முதலில் தனியே போய்ப் பேசு, பிறகு ஒருவர் இருவரோடு போ, அதன்பின் சபைக்குச் சொல். "இரண்டுபேராவது மூன்றுபேராவது" என்று நாம் சிறு கூட்டங்களில் ஆறுதலாகச் சொல்லும் வசனம் இந்தப் பேச்சின் முடிவில்தான் வருகிறது. உடைந்த உறவைச் சேர்க்கக் கூடியிருப்பவர்கள் நடுவில் தாம் இருப்பதாக அவர் சொல்கிறார்.

கவனியாமை என்று சொன்னேனே, அந்தக் குற்றம் என்மேலேயே உண்டு. சபையில் சில ஆண்டுகள் மூப்பராக இருந்தபோது இருபது குடும்பங்களை விசாரிக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. ஒருவர் இரண்டு மாதமாக வரவில்லை. வேலை மிகுதி என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடைசியில் போய்ப் பார்த்தபோது, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். கோபப்படவில்லை. "முதல் மூன்று வாரம் யாராவது வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். பல ஆண்டுகள் ஆகியும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. நீங்கள் விலகிய மூன்று ஆண்டுகளில் ஒருவரும் உங்களைத் தேடி வரவில்லை என்றால், அது உங்கள் குறை மட்டும் அல்ல. அப்படித் தேடாமல் இருந்தவர்களில் ஒருவனாக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பதிவேட்டைப் பற்றி இப்போது சொல்லலாம். அது வெறும் காகிதம் என்று நினைத்தவன்தான் நானும். அந்த மனிதரின் படுக்கையருகே உட்கார்ந்த பிறகு அப்படி நினைப்பதில்லை. நூறு ஆடுகளில் ஒன்று குறைகிறது என்று தெரிய வேண்டுமானால் மேய்ப்பன் எண்ணியிருக்க வேண்டும். அப்போஸ்தலர் 6இல் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப் போனதால்தான் ஏழு பேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள். 1 தீமோத்தேயு 5இல், சபை ஆதரிக்கும் விதவைகளின் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று பவுல் எழுதுகிறார். சபைப் பட்டியல் என்ற ஒன்று வேதத்தில் முதலில் கண்ணில் படுவது, யாருக்குச் சோறு போக வேண்டும் என்பதற்காக. எபிரெயர் 13:17 இன்னும் என்னை நடுங்கச் செய்கிறது: சபைத் தலைவர்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்கொப்புவிக்க வேண்டியவர்கள். யாருக்காக என்று தெரியாமல் எப்படிக் கணக்குக் கொடுப்பது?

மெதடிஸ்டு இயக்கத்தின் சிறு குழுக்கள் தொடங்கிய விதமும் இதை ஒட்டியதே. 1742இல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்றும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அதைத் திரட்டுவது என்றும் ஏற்பாடு ஆயிற்று. காசு திரட்ட வீடுவீடாகப் போனவர்கள், இன்னார் வாழ்க்கை தடுமாறுகிறது என்று கண்டு வந்து சொன்னார்கள். இத்தனை நாள் நாம் தேடியது இதுவே என்று அந்த இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி உணர்ந்தார். கடனுக்காகப் பிறந்த குழு, ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கும் குழுவாயிற்று.

சேரும் முறை சபைக்குச் சபை வேறுபடும். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஞானஸ்நானமே ஒருவரைச் சபையின் உறுப்பாக்குகிறது. லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் பின்னர் தம் வாயால் அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெறுகிறார். பாப்டிஸ்டு போன்ற சபைகளில் விசுவாச அறிக்கைக்குப் பிறகே ஞானஸ்நானம். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர் இடம் மாறினால் பரிந்துரைக் கடிதம் கொண்டுபோகும் வழக்கமும் பழையது. ரோமர் 16, கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் தொடங்குகிறது. அதே அதிகாரத்தின் கடைசியில் வாழ்த்துச் சொல்பவர்களைப் பாருங்கள்: கடிதத்தைக் கைப்பட எழுதிய தெர்தியு, பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து, சகோதரனாகிய குவர்த்து. தெர்தியு என்றால் 'மூன்றாமவன்', குவர்த்து என்றால் 'நான்காமவன்'. அடிமைகளுக்கும் இப்படி எண்ணால் பெயர் வைப்பதுண்டு. நகரத்தின் கருவூல அதிகாரியும் 'நான்காமவ'னும் ஒரே வரியில் நிற்கிறார்கள். குவர்த்துவுக்கு இருக்கும் ஒரே பட்டம் 'சகோதரன்'.

எந்தச் சபையைத் தேர்ந்தெடுப்பது? சுவிசேஷம் சரியாகப் போதிக்கப்படுகிறதா, ஞானஸ்நானமும் திருவிருந்தும் முறையாகக் கொடுக்கப்படுகின்றனவா என்ற இரண்டையும் லூத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான, 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, திருச்சபையின் அடையாளமாகச் சொன்னது. அந்த இரண்டோடு, காயப்பட்ட உங்களுக்காக நான் மூன்று கேள்விகளைச் சேர்ப்பேன். போதகர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார்? காணிக்கைக் கணக்கு எல்லாருக்கும் காட்டப்படுகிறதா? விலகிப் போனவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள்? மூன்றாவது கேள்விக்கான விடை மிகவும் முக்கியம். போனவரைப் பற்றி வருத்தத்தோடு பேசுகிற சபையும், வெறுப்போடு பேசுகிற சபையும் ஒன்றல்ல. இசை எப்படி, கட்டடம் எப்படி என்பதெல்லாம் அதற்கு மிகவும் பின்னால் வரட்டும். சிரியாவின் தூரா எவுரோப்பொசில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் நூற்றாண்டுச் சபைக்கூடம் ஒரு சாதாரண வீடுதான். இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துக் கூடமாக்கியிருக்கிறார்கள்.

போகத் தொடங்கினால் ஆறு மாதமாவது ஒரே இடத்துக்குப் போங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள், தவறில்லை. ஆனால் கடைசிப் பாட்டு முடியுமுன் எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் காயத்தை எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். நாற்காலி அடுக்குவதோ, நோயாளியைப் பார்க்கப் போவதோ, ஒரு சிறு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறர் உங்களை நம்பிக் காத்திருக்கும் ஒரு வேலை. நோயால் அல்லது வேறு காரணத்தால் உண்மையிலேயே போக முடியாதவராக நீங்கள் இருந்தால், அதையும் ஒரு சபைக்குத் தெரிவியுங்கள். திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆராதனை முடிந்ததும் ஒருவரிடமாவது உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு, அடுத்த வாரம் வர முடியாமல் போனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள்.